கனகலிங்கத்தாரின் மோட்டார் சைக்கிள் குளிர்காலம் கழித்த விதம்

தன் சொந்த மோட்டார் சைக்கிள் செத்துப்போக வேண்டும் என்று ஒரு மனிதன் மனதுக்குள் மன்றாடுவானா? லண்டன் கிங்ஸ்பரியில் ஒருவர் மன்றாடினார். பெயர் கனகலிங்கம். சனங்கள் மரியாதைக்குக் கனகலிங்கத்தார் என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம், ஏனென்றால் மரியாதையில் அவருக்கு இருந்த பிடிப்பால்தான் இவ்வளவும் நடந்தது.

மோட்டார் சைக்கிளை அவர் வாங்கியது 1993ஆம் ஆண்டு ஆனி மாதம். வெம்பிளிப் பக்கத்தில் ஒரு பெற்றோல் ஸ்டேசனில் பத்து வருடமாகக் கண்ணாடிக் கூண்டுக்குள் காசு வாங்கிக்கொண்டு இருந்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைக்காரர்கள் தோல் உடுப்பும் தலைக்கவசமுமாக வந்து இறங்குவார்கள். பெற்றோல் தாங்கியை நிரப்புவார்கள், ஒரு சொக்கலேற்றைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, தெருவே அதிர உறுமிக்கொண்டு போய்விடுவார்கள். பத்து வருடம் மற்றவன் ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு, ஒருநாள் தானும் ஏறிப்போக வேண்டும் என்ற ஆசை வந்ததில் பிழையில்லை. அந்த ஆசை ஆயிரத்து நூறு சிசியில் வந்ததுதான் பிழை. ஊரில் கச்சேரிக்கு, அதாவது அரசாங்க அலுவலகத்துக்கு, வேலைக்குப் போன காலத்தில் அவர் ஓடியது ஐம்பது சிசி. அதையும் சந்திகளில் இறங்கி உருட்டித்தான் கடப்பார்.

மனைவி தவமலர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"நாப்பத்தேழு வயசில உங்களுக்கு இது தேவையோ?"

இதை அவர் வீட்டுக்குள் கேட்டிருந்தால் பரவாயில்லை. ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால், மட்டன் ரோல்ஸ் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டார். கனகலிங்கத்தாருக்குச் சுர்ரென்று ஏறியது.

"என்ர மூச்சு இருக்கும் வரைக்கும் அதை நான் விக்கமாட்டன். எழுதி வைச்சுக்கொள்ளும்" என்றார்.

அவரோடு வேலை செய்யும் சூசைதாசன் கை தட்டினார். ஒருவர் தட்டினால் மண்டபமே தட்டும் அல்லவா? தட்டியது. அன்று முதல் அந்த வாக்கு கிங்ஸ்பரியிலிருந்து சவுத்தால் வரைக்கும் எல்லா வீடுகளுக்கும் சொந்தமாகிவிட்டது.

ஒக்டோபர் மாதம் ஒரு பகல். பிரையன்ற் வே என்ற தெருவில், இரண்டு பக்கமும் மரங்கள் இலையைக் கொட்டிக்கொண்டிருந்தன. முதல்நாள் மழை. கனகலிங்கத்தார் வளைவில் கொஞ்சம் பிறேக்கைத் தொட்டார். அவ்வளவுதான். அடுத்த கணம் அவர் புல்லில் மல்லாந்து கிடந்தார், மோட்டார் சைக்கிள் பத்து முழம் தள்ளி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அவருக்கும் அடியில்லை, அதற்கும் அடியில்லை. நாயோடு நடந்து போன ஒரு வெள்ளைக்காரக் கிழவி மட்டும், "ஆர் யூ ஓல் றைற், லவ்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். யாழ்ப்பாணத்தார் ஒருவரும் பார்க்கவில்லை. அந்த வகையில் கடவுள் கைவிடவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

ஆனால் அன்று வீட்டுக்கு முதல் கியரிலேயே வந்து சேர்ந்தவருக்கு அடுத்த நாள் அதன் பக்கத்தில் போக முடியவில்லை. கைப்பிடியைத் தொட்டால் உள்ளங்கை வேர்த்தது. பெற்றோல் ஸ்டேசனுக்கு யாராவது மோட்டார் சைக்கிளில் வந்து நின்றாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு சில்லறை எண்ணத் தொடங்கினார். பயம். கலப்படமில்லாத, குழந்தைப்பிள்ளைப் பயம். இதை மனைவியிடம் சொல்லலாம்தான். சொன்னால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், புருவத்தை மட்டும் உயர்த்துவார். அந்தப் புருவத்துக்கு முன்னால் நிற்பதைவிட பிரையன்ற் வேயில் இன்னொருமுறை விழலாம்.

"குளிர் தொடங்கீற்றுது. இனிச் சித்திரைக்குத்தான் எடுக்கலாம்" என்று வீட்டில் அறிவித்தார். விற்கவும் ஏலாது, ஓடவும் ஏலாது. ஆனால் ஒரு மோட்டார் சைக்கிள் தானாகவே பழுதாகிப்போனால் அதற்கு யார் என்ன செய்ய முடியும்? ஐந்து மாதக் குளிரில், லண்டன் ஈரத்தில், இயற்கையான முறையில், ஒருவர் மானமும் போகாமல் அது கண்ணை மூடிவிட்டால்? கனகலிங்கத்தாருக்கு அந்த யோசனை மெல்லமெல்ல இனித்தது.

அதற்கான குறிப்பும் கையில் இருந்தது. மோட்டார் சைக்கிளை அவருக்கு விற்ற ஹரோ பள்ளிக்கூட வாத்தியார், இடுப்பு நோவால் அதைப் பிரிய நேர்ந்த மனிதர், குளிர்காலத்தில் அதை எப்படிப் பாதுகாப்பது என்று ஒரு தாளில் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். இது சாதாரண மோட்டார் சைக்கிள் அல்ல, இதில் பெற்றோலையும் காற்றையும் கலந்துவிடும் காபிரேற்றர் கிடையாது. ஒரு பம்ப் பெற்றோலை அழுத்தித் தள்ள, ஊசித்துவாரமுள்ள இன்ஜெக்டர்கள் அதை எஞ்சினுக்குள் பீச்சும். ஆகவே பழைய வண்டிகளுக்குச் செய்வதுபோலப் பெற்றோலை வடித்துவிட்டு வைக்கக்கூடாது, தாங்கியைக் கழுத்துவரை நிரப்பவேண்டும். உள்ளே வெற்றிடம் இருந்தால் வேர்க்கும், வேர்த்தால் துருப்பிடிக்கும், துருவில் ஒரு தூள் போதும் இன்ஜெக்டரை அடைக்க. பற்றரியைக் கழற்றிச் சூடான இடத்தில் வைக்கவேண்டும். பிளாஸ்டிக்கால் மூடக்கூடாது, காற்றுப்போகும் பருத்தித் துணியால் மூடவேண்டும். இடையில் ஆசைப்பட்டு இரண்டு நிமிடம் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது எல்லாவற்றிலும் மோசம். இப்படியே போனது அந்தத் தாள்.

ஆனி மாதம் அதை வாசித்தபோது ஒரு மனிதன் ஓர் இயந்திரத்தில் இவ்வளவு அன்பு வைப்பானா என்று அவருக்குக் கண் கலங்கியது. ஒக்டோபரில் வாசித்தபோது வேறு மாதிரி இருந்தது. ஒரு மோட்டார் சைக்கிளைக் கொல்லுவதற்கு என்னென்ன வழிகள் உண்டு என்று வாத்தியார் ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்திருந்தார். தாளை மடித்து, வேலையிடத்தில் தன்னுடைய அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

ஆனால் தன் கையால் செய்ய அவருக்கு மனம் வரவில்லை. கோழியை வெட்ட ஏலாது, வெட்டிய கறி வேண்டும் என்ற வகை மனிதர் அவர். அதற்கு ஒரு ஆள் வேண்டும். ஆளும் வீட்டிலேயே இருந்தான்.

பாலேந்திரா தவமலரின் தம்பி. முப்பத்தைந்து வயது. ஆவணி மாதம்தான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அகதிக்குப் பதிந்துவிட்டு, மேல்மாடியில் பெட்டிகள் அடுக்கியிருந்த சின்ன அறையில் படுத்திருந்தான். வேலை செய்ய இன்னும் அனுமதி வரவில்லை. வரும்வரை சும்மா இருந்து சாப்பிடுகிறோமே என்று உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தான். அக்கா தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கீழே வைக்கமுதலே அதைக் கழுவிவிடுவான். இரண்டாந்தரம் சோறு போட்டால் கையால் மறிப்பான்.

வந்த புதிதில் ஒருநாள் அவன் சொன்ன கதை கனகலிங்கத்தாருக்கு நினைவிருந்தது. போர்த் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போகாத மூன்று வருடமும் பாலேந்திரா தன் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியிருக்கிறான். ஆஸ்பத்திரிச் சேலைன் போத்தலில் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு, ரியூப்பால் காபிரேற்றருக்குக் கொடுத்து ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவானாம். தலைவெடித்த எஞ்சினையும் சோப்பு வைத்து அடைத்து ஓட்டுவானாம். இந்தக் கை போதும் என்று கனகலிங்கத்தார் முடிவு கட்டினார். இந்தக் கைக்கு முன்னால் எந்த இன்ஜெக்டர் தப்பும்?

கார்த்திகை மாதம் ஒரு சனிக்கிழமை பின்வளவுக்கு அவனைக் கூப்பிட்டார்.

"பாலா, இதை நான் உம்மை நம்பித்தான் தாறன். சித்திரை வரைக்கும் உம்மட பொறுப்பு. எனக்கு வேலையில நேரமில்லை."

பாலேந்திரா மோட்டார் சைக்கிளைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான். வந்து மூன்று மாதத்தில் இந்த நாட்டில் ஒருவரும் அவனை நம்பி ஒரு குடையைக்கூடக் கொடுக்கவில்லை.

"நானோ அத்தான்? இவ்வளவு பெரிய சாமானை?"

"பின்ன ஆர்? உமக்குத்தானே கைப்பழக்கம் இருக்கு. இஞ்ச வேலியோட விட்டிட்டு, இந்தப் பிளாஸ்ரிக் சீலையால இறுக்கிச் சுத்திவிடும். பெற்றோல் கொஞ்சம்தான் கிடக்கு, அது காணும். நான் மண்ணெண்ணெய்க் கானும் ஒண்டு வாங்கி வைச்சிருக்கிறன், தேவைப்பட்டாப் பாவியும்."

மண்ணெண்ணெய்க் கானை அவன் கண்ணில் படும்படியாகவே வைத்துவிட்டு உள்ளே போனார். அன்றிரவு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த ஞாயிறு பின்வளவுக்குப் போய்ப் பார்த்தால் மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. யாரோ திருடிவிட்டான் என்று ஒரு நொடி அவருக்கு வந்த சந்தோசத்தை எழுத்தில் சொல்ல முடியாது. பாலேந்திரா கராஜுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தான்.

"இஞ்ச கிடக்கு அத்தான். வெளியில விட்டா மேல பிளேன் பறக்கேக்க தெரியும்."

"இது லண்டன் பாலா! இங்க ஆர் குண்டு போடப்போறான்?"

"அது தெரியும் அத்தான். எண்டாலும் மனம் கேக்கேல்லை."

கராஜில் இருந்த அரிசி மூட்டைகளை ஒரு பக்கமாக அடுக்கி, நடுவில் பலகை போட்டு, அதன்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தான். மேலே தவமலரின் பழைய நூல்சேலைகள் மூன்று போர்த்தியிருந்தன. பிளாஸ்ரிக் சீலையை அரிசிக்குப் போட்டுவிட்டானாம். ஊரில் எலி கடிக்காமல் அப்படித்தான் செய்வார்களாம். பருத்தித் துணி என்று எழுதிய வாத்தியாரின் எழுத்து கனகலிங்கத்தார் கண்முன் வந்து போனது.

"மண்ணெண்ணெய் பாவிச்சனீரோ?" என்று ஒரு கடைசி நம்பிக்கையோடு கேட்டார்.

"ஓம் அத்தான். செயினைக் கழுவினனான். பாருங்கோ, எப்பிடி மினுங்குது."

"தாங்கிக்குள்ள விடேல்லையோ?"

பாலேந்திரா சிரித்தான். "பெற்றோல் கிடைக்கிற ஊரில ஆராவது மண்ணெண்ணெய் விடுவினமோ? நான் கானோட மூண்டு தரம் நடந்துபோய் வாங்கியந்து நிரப்பினனான். கழுத்துமட்டும். இனி ஒரு சொட்டும் கொள்ளாது. மூண்டு வருசத்துக்குப் பிறகு அத்தான், ஒரு முழுத்தாங்கியைக் கண்ணால கண்டிருக்கிறன். மூடியைத் திறந்து மணந்து பாத்திட்டுத்தான் மூடினனான்."

கனகலிங்கத்தார் வீட்டுக்குள் போனார். இவனுக்கு ஒரு வரி வாசிக்கக் கொடுக்கவில்லை. காபிரேற்றர் இல்லாத எஞ்சின் உண்டென்பதே அவனுக்குத் தெரியாது. இரண்டு நாளாக அதைத்தான் தேடிக்கொண்டிருந்தானாம். ஆனால் பெற்றோல் இல்லாத ஊர் அவனுக்குப் பழக்கிவிட்ட பழக்கம் ஒவ்வொன்றும் அந்த ஹரோ வாத்தியாரின் தாளோடு அச்சொட்டாகப் பொருந்தியது. பெற்றோலைக் கண்டால் நிரப்பு. வாகனத்தை ஒளி. புகைக்குழாய்க்குள் குளவி கூடுகட்டும், துணியால் அடை. லண்டன் குளிரில் குளவி இல்லை, சுண்டெலி உண்டு. அடைத்ததால் அதுவும் போகவில்லை.

மார்கழியில் கனகலிங்கத்தார் மறுபடி முயன்றார். சாப்பாட்டு மேசையில், போகிறபோக்கில் சொல்வதுபோல,

"பாலா, கிழமைக்கு ஒருக்கா ரெண்டு நிமிசம் ஸ்டார்ட் பண்ணி விடும். இல்லாட்டி விறைச்சுப் போகும்" என்றார். எல்லாவற்றிலும் மோசம் என்று வாத்தியார் அடிக்கோடிட்டிருந்தது இதற்குத்தான்.

பாலேந்திரா சோற்றுக்கோப்பையிலிருந்து நிமிர்ந்தான். அவன் அத்தானின் சொல்லைத் தட்டியது அந்த வீட்டில் அதுதான் முதல்தடவை.

"கோவிக்காதேங்கோ அத்தான். ஓடாம நிண்டு கொண்டு பெற்றோலை எரிக்க எனக்குக் கை வராது. சத்தமும் கேக்கும். இஞ்ச ஒரு வாகனம் நல்லாக் கிடக்கு எண்டு நாலுபேர் அறிஞ்சா அண்டைக்கே வந்து தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்."

"ஆர் தூக்கிக்கொண்டு போறது?"

"ஆரெண்டில்லை" என்றான் பாலேந்திரா. ஊரில் துப்பாக்கியோடு வந்து வாகனத்தைக் கேட்பவர்களின் பெயரை ஒருவரும் சொல்வதில்லை.

பற்றரியாவது செத்திருக்கும் என்று பார்த்தால், அது கராஜிலேயே இல்லை. நத்தார் விடுமுறையில் ஒருநாள் பாலேந்திராவின் அறைக்குள் போனவர், கட்டிலுக்குக் கீழே துவாயால் சுற்றிய ஒரு பொருளைக் கண்டார். விலக்கிப் பார்த்தால் பற்றரி. பக்கத்தில் சூசைதாசனிடம் இரவல் வாங்கிய சார்ஜர், பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் பற்றரிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றி ரேடியோவில் செய்தி கேட்ட சனத்தில் ஒருவன், உயிருள்ள பற்றரி ஒன்றைக் குளிர் கராஜில் விட்டுவைப்பானா? கனகலிங்கத்தார் துவாயை இருந்த மாதிரியே சுற்றிவைத்துவிட்டுக் கீழே வந்தார். குளிர்கால ஹீற்றர் சூட்டில் அந்த வீட்டில் சுகமாக இருந்தது பற்றரி ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் மேலே அவரைப் பயப்படுத்தியது தவமலர்தான். தை பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் கராஜ் வாசலில் நின்று கற்பூரம் காட்டத் தொடங்கினார். பெற்றோல் இருப்பதால் உள்ளே கொண்டுபோகாமல் வாசலோடு நின்று, கண்ணை மூடி, வெகுநேரம் எதையோ முணுமுணுப்பார். பிறகு உள்ளே போய் முன்விளக்கில் திருநீறு பூசி, நடுவில் ஒரு குங்குமப்பொட்டும் வைப்பார். தேவையோ என்று மண்டபத்தில் கேட்ட மனிசிக்கு இப்படி ஒரு பாசம் எங்கிருந்து வந்தது? மனைவியின் கடவுளுக்கும் மச்சானின் கைக்கும் நடுவில், மாசி மாத ஈரம் தனியாக நின்று என்னத்தைச் செய்யும்? கனகலிங்கத்தார் மெலியத் தொடங்கினார். கனவில் மோட்டார் சைக்கிள் குங்குமப்பொட்டோடு வந்து அவர் கட்டிலருகே நின்று உறுமியது.

"என்ன கனகு அண்ணை, நாள் எண்ணிக்கொண்டிருக்கிறியள் போல" என்றார் சூசைதாசன் வேலையில். "பங்குனிக் கடைசி ஞாயிறு, வெயில்காலத்துக்கு மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளுற நாள். அண்டைக்கு எடுங்கோ. குருத்தோலை ஞாயிறும் அதுதான், நான் பூசை முடிய நேர வாறன். மனிசி கத்தரினையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாறன்."

"என்னத்துக்கு இவ்வளவு பேர்?"

"அண்ணை, மூச்சிருக்கும் வரைக்கும் எண்டு சொன்ன ஆள் நீங்கள். பாக்க ஆசையிராதோ?"

1994 மார்ச் இருபத்தேழு, பங்குனிக் கடைசி ஞாயிறு. வெயில் எறித்தது. லண்டனில் அப்படி ஒரு வெயில் பங்குனியில் எறிக்கவேண்டிய அவசியமே இல்லை. எறித்தது. தெருவில் ஈரமில்லை, இலையில்லை. சூசைதாசன் குடும்பத்தார் கையில் குருத்தோலையோடு படலையடியில் நின்றார்கள். பக்கத்து வீட்டுக் குஜராத்தியர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். பாலேந்திரா விடியவே எழும்பி, பற்றரியைப் பூட்டி, சேலைகளை மடித்து, டயருக்குக் காற்று அடித்து, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் கீழே, கண்ணூறு கழிய, ஒவ்வொரு தேசிக்காய் வைத்திருந்தான். வெள்ளைச் சேட்டு வேறு போட்டிருந்தான், கலியாண வீட்டுக்கு வந்தவன் மாதிரி.

கனகலிங்கத்தார் தலைக்கவசத்தை மாட்டினார். அதற்குள் வேர்வை ஆறாக ஓடியது. ஏறி இருந்தார். இன்னும் ஒரு வழி மிச்சமிருந்தது. ஐந்து மாதம். ஐந்து மாதமாகத் தொடாத எஞ்சின் எதுவும் உடனே வராது. முருகா, வரவிடாதே. பெருவிரலால் பொத்தானைத் தொட்டும் தொடாமலும் அமத்தினார்.

ஒரே அமத்தல். பம்ப் ஒரு நொடி முனகியது, அவ்வளவுதான். எஞ்சின் ஏதோ நேற்றுப் பின்னேரம்தான் நிறுத்தியது போல எழும்பி, சீராக, மெதுவாக, தலைகால் தெரியாத ஆரோக்கியத்தோடு ஓடத் தொடங்கியது. தேசிக்காயே நசிபடவில்லை, அதற்குள் எல்லாரும் கை தட்டினார்கள். பாலேந்திரா கையைத் தட்டவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றான். கண் கலங்கியிருந்தது.

"முதல் ஓட்டம் கோயிலுக்கு" என்றபடி தவமலர் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். சேலைக்கு மேலே கோட்டு, தலையில் புதிய தலைக்கவசம். கனகலிங்கத்தார் என்ன ஏது என்று கேட்கமுதல் பின்னால் ஏறி, பக்கவாட்டாக இருந்து, அவருடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் சனத்துக்கு முன்னால் அவர் அப்படிப் பிடித்தது அதுதான் முதல்தடவை.

அந்தப் பிடிதான் கனகலிங்கத்தாரை உடைத்தது. தனியாக என்றால் தெருமுனை வரைக்கும் போய், கண் மறைந்ததும் உருட்டிக்கொண்டாவது திரும்பி வந்திருப்பார். விழுந்தாலும் தான் விழுவார், மானம் மிஞ்சும். தவமலரை ஏற்றிக்கொண்டு பிரையன்ற் வே வளைவுக்கு எப்படிப் போவது? வலது கைப்பிடியில், பெருவிரலுக்கு எட்டுகிற இடத்தில், எஞ்சினை நிறுத்தும் சின்னச் சிவப்புச் சுவிச் ஒன்று இருந்தது. அதை அவர் யோசித்து அமத்தவில்லை. விரல் தானாகப் போய் அமத்தியது.

எஞ்சின் நின்றது. தெருவே நின்றது போலிருந்தது.

"என்ன அத்தான்?" பாலேந்திரா பாய்ந்து வந்தான். குனிந்து அங்கே தொட்டான், இங்கே தொட்டான். தாங்கி மூடியைத் திறந்து பார்த்தான். பற்றரி வயரை ஆட்டினான். அந்தச் சிவப்புச் சுவிச்சை அவன் காணவில்லை, ஏனென்றால் அதன்மேல் கனகலிங்கத்தாரின் பெருவிரல் இருந்தது. "நல்லாத்தானே ஓடினது... நல்லாத்தானே..."

சூசைதாசன் பக்கத்தில் வந்து, "அஞ்சு மாசமெல்லே கிடந்தது. இந்த இன்ஜெக்சன் சாமான் எல்லாருக்கும் விளங்காது, அண்ணை. தெரிஞ்ச ஒருத்தனிட்டக் குடுத்திருக்கலாம்" என்றார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை.

பாலேந்திரா எழுந்து நின்றான். வெள்ளைச் சேட்டில் கறுப்பு எண்ணெய் பட்டிருந்தது. முகத்தில் இரத்தமே இல்லை.

"பிழை என்னிலதான் அத்தான். தெரியாத வேலையைத் தெரியும் எண்டு எடுத்தது நான்தான். என்னை நம்பி ஒரு சாமான் தந்தியள், அதையும் பழுதாக்கிப் போட்டன்." தாங்கி மூடியைத் திருகி மூடினான். "டூட்டிங்கில எங்கட ஊர்ப் பெடியள் ரெண்டு பேர் இருக்கிறாங்கள். நான் நாளைக்கு அங்க போறன். உங்களுக்கு இனியும் பாரமா இருக்கேலாது."

கனகலிங்கத்தாருக்கு வேண்டியது எல்லாம் இதோ கிடைத்துவிட்டது. மோட்டார் சைக்கிள் செத்துவிட்டது. எல்லாருக்கும் முன்னால், இயற்கையான முறையில் செத்துவிட்டது. பிழையும் வேறொருவன் தலையில், அவன் தானாகவே வாங்கிக்கொண்டான். இனி இவர் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. இறங்கி, ஒரு பெருமூச்சு விட்டு, "பரவாயில்லை பாலா" என்று பெருந்தன்மையாக ஒரு சொல் சொல்லிவிட்டு உள்ளே போனால் போதும். ஐந்து மாதம் அவர் மன்றாடியது இந்த ஒரு நிமிடத்துக்குத்தான்.

அந்த நிமிடம் போய்க்கொண்டிருந்தது. பாலேந்திரா சேட்டு நுனியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

கனகலிங்கத்தார் தலைக்கவசத்தைக் கழற்றினார். பெருவிரலை எடுத்தார்.

"அது பழுதாகேல்லை. நான்தான் நிப்பாட்டினனான். இதில ஒரு சுவிச் இருக்கு, பாரும்." குரல் அவருக்கே கேட்காததுபோல் வந்தது, ஆகவே இன்னொருமுறை பலமாகச் சொன்னார். "எனக்குப் பயம். ஒக்டோபரில விழுந்தனான். அண்டையிலயிருந்து இதைக் கண்டாலே கை நடுங்குது. எனக்கு ஓட ஏலாது."

பக்கத்து வீட்டுக் குஜராத்தியருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவர்கூட வேலியைவிட்டு மெல்ல இறங்கிவிட்டார். பின்னால் இருந்த தவமலரின் கை இடுப்பிலிருந்து விலகவில்லை. புருவம் உயர்ந்திருக்கும் என்று கனகலிங்கத்தார் திரும்பிப் பார்த்தார். உயரவில்லை. தவமலர் அழுதுகொண்டிருந்தார்.

"விழுந்தனீங்களோ? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே! நான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என்ன கேட்டுக் கும்பிட்டனான் எண்டு நினைக்கிறியள்? இந்தக் கோதாரி ஸ்டார்ட் வரக்கூடாது எண்டுதான் கும்பிட்டனான்!"

"அப்ப ஏன் பின்னால ஏறினனீர்?"

"நான் இருந்தா மெல்லமா ஓடுவியள் எண்டுதான். வேற என்னத்துக்கு? எனக்கென்ன கோயிலுக்குப் போக பஸ் இல்லையோ?"

சூசைதாசன் இருமினார். கத்தரின் அவருடைய கையைப் பிடித்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தேத்தண்ணி வைக்கிறேன் என்று வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள். வாசலில் மூவர் மட்டும் மிஞ்சினார்கள். ஐந்து மாதம் ஒரே கூரைக்குக் கீழே இருவர் அந்த மோட்டார் சைக்கிள் செத்துப்போக வேண்டும் என்று வெவ்வேறு அறைகளில் மன்றாடியிருக்கிறார்கள். அது பிழைக்கவேண்டும் என்று விரும்பியவன் ஒருவன்தான். அவனுடையதுதான் பலித்தது.

கனகலிங்கத்தாருக்கு உடம்பெல்லாம் இலேசாகிவிட்டது. சொன்னால் உயிர் போய்விடும் என்று நினைத்ததைச் சொல்லியாயிற்று, உயிர் இருந்த இடத்திலேயே இருந்தது. மண்டபம் என்ன, சவுத்தால் வரைக்கும் சிரிக்கட்டும். மனைவியைக் கைபிடித்து இறக்கிவிட்டு, தானும் இறங்கினார்.

பாலேந்திரா இன்னும் அதே இடத்தில் நின்றான். அவன் முகத்துக்கு இரத்தம் திரும்பிக்கொண்டிருந்தது. ஆனால் ஏதோ ஒரு கணக்கு அவனுக்குச் சரிவரவில்லை என்பது தெரிந்தது.

"அத்தான், ஒண்டு கேக்கட்டோ?"

"கேளும்."

"உங்களுக்கு ஓட விருப்பமில்லை. அக்காவுக்கும் விருப்பமில்லை. அப்ப கார்த்திகையில என்னை நம்பித் தாறன் எண்டு ஏன் தந்தனீங்கள்?"

கேள்வியில் குத்தல் ஒன்றுமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். கனகலிங்கத்தார் வாயைத் திறந்தார். உண்மை நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஒரு நாளைக்கு ஓர் உண்மைக்குமேல் அவருக்குப் பழக்கமில்லை.

"உம்மைவிட்டா இதை வேற ஆர் உயிரோட வைச்சிருப்பினம் பாலா?" என்றார்.

பாலேந்திரா சிரித்தான். லண்டனுக்கு வந்த பிறகு முதல்தடவையாக, பல் தெரிய, நெஞ்சு நிமிரச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பது கனகலிங்கத்தாருக்கு மோட்டார் சைக்கிளில் ஏறுவதைவிடப் பயமாக இருந்தது.